ஒரு எண்ணுக்கு ஒரு வருடச் சந்தா: யு.எஸ்.ஜி.ஏ. ஹேண்டிகேப் இண்டெக்ஸ் விமர்சனம்

வாங்கியது: நியூ ஜெர்சி மாநில கோல்ஃப் சங்கத்தின் இணைய கிளப் வழியாக ஒரு வருடச் சந்தா. எந்த கிளப்பிலும் உறுப்பினராக இல்லாமல், கவுண்டி நடத்தும் பொது கோர்ஸ்களில் விளையாடுகிற என்னைப் போன்றவர்களுக்கானது. கொடுத்த பணம்: சனிக்கிழமை காலை ஒரு சுற்று ஆடினால் ஆகிற செலவுக்குப் பக்கத்தில். கிடைத்தது: ஒரு எண். அமெரிக்க கோல்ஃப் சங்கமான யு.எஸ்.ஜி.ஏ. தரும் இந்த ஹேண்டிகேப் இண்டெக்ஸ் ஓர் ஆட்டக்காரரின் திறமையை அளக்கிறது; எண் கூடினால் திறமை குறைவு, பலமான ஆளோடு ஆடும்போது அதற்கேற்ப சலுகை ஸ்ட்ரோக் (அடி) கிடைக்கும். புள்ளிக்குப் பின்னால் ஓர் இலக்கம், அவ்வளவுதான். தொப்பி, டவல், பந்து எதுவும் கிடையாது. என் மதிப்பெண் ஐந்துக்கு நான்கு. பிடித்துக்கொண்ட ஒன்று எதற்கென்று பிறகு சொல்கிறேன்.

மருந்து கம்பெனியில் புள்ளியியல்தான் எனக்குச் சோறு போடுகிறது. எந்த எண்ணைப் பார்த்தாலும் எப்படி வந்தது என்று நோண்டாமல் விடமாட்டேன். இந்த எண்ணை நோண்டியதில் கண்ட முதல் விஷயம், எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் பாதிப் பேர் இதைத் தப்பாகப் புரிந்து வைத்திருக்கிறார்கள் என்பது. "சராசரியா 95 அடிக்கிறேன், பார் 72, அப்ப என் ஹேண்டிகேப் 23" என்பது அவர்கள் கணக்கு. (பார் என்பது ஒரு ஹோலையோ முழு கோர்ஸையோ முடிக்க நல்ல ஆட்டக்காரருக்கு ஆகிற அடிகள்.) மொத்தச் சராசரிக்கு இதில் வேலையே இல்லை. கடைசி 20 சுற்றில் சிறந்த 8-ஐ மட்டும் எடுத்து அதன் சராசரியைப் போடுகிறார்கள். மீதி 12 எவ்வளவு கேவலமாக இருந்தாலும் குப்பைக் கூடைக்குத்தான். நீங்கள் வழக்கமாக எப்படி ஆடுவீர்கள் என்று இந்த எண் சொல்வதில்லை. நன்றாக ஆடும் நாளில் எவ்வளவு ஆடுவீர்கள் என்று சொல்கிறது. இது புரியாமல் சந்தா கட்டினால் ஒவ்வொரு வாரமும் மனசு கஷ்டப்படும்.

அந்தச் சுற்றுகளும் ஸ்கோர் கார்டில் எழுதியபடியே உள்ளே போவதில்லை. ஓர் உதாரணம். டீ என்பது ஹோலைத் தொடங்கி முதல் பந்தை அடிக்கும் இடம். கோர்ஸ் ரேட்டிங் என்பது ஸ்க்ராட்ச் ஆட்டக்காரர், அதாவது ஹேண்டிகேப் பூஜ்யம் உள்ளவர், அங்கே அடிக்கக்கூடிய ஸ்கோர். ஸ்லோப்பும் 113-உம் என்ன என்று பின்னால் வரும். நான் ஆடுகிற முன் டீக்குப் பெண்களுக்கான கோர்ஸ் ரேட்டிங் 71.2, ஸ்லோப் 126, பார் 72 என்று வைத்துக்கொள்வோம். என் இண்டெக்ஸ் 22.4. அதை 126-ஆல் பெருக்கி 113-ஆல் வகுத்து, ரேட்டிங்குக்கும் பாருக்கும் உள்ள வித்தியாசத்தைச் சேர்த்தால் 24 வருகிறது. அன்றைக்கு அந்த கோர்ஸில் எனக்குக் கிடைக்கும் சலுகை ஸ்ட்ரோக் அதுதான். கோர்ஸ் ஹேண்டிகேப் என்பார்கள். எல்லா ஹோலுக்கும் ஒன்று, மிகக் கடினமான ஆறு ஹோலுக்கு இரண்டு. அந்த ஆறில் ஒரு பார் 4 ஹோலில் தண்ணீரில் இரண்டு பந்தைத் தாரை வார்த்துவிட்டு 10 அடித்தேன் என்றால் கார்டில் 10 இருக்கும், கணக்கில் 8 தான் ஏறும். பாருடன் இரண்டு, அதோடு அந்த ஹோலில் எனக்குள்ள சலுகை ஸ்ட்ரோக்: அதுதான் ஒரு ஹோலுக்கான உச்சவரம்பு. மொத்தம் 100 அடித்திருந்தால் 98 என்று எடுத்துக்கொள்வார்கள். 98-இல் 71.2 போக 26.8, அதை 113-ஆல் பெருக்கி 126-ஆல் வகுத்தால் 24.0. என் 20 எண் வரிசையில் போய் உட்காருவது இந்த 24.0 தான்.

இந்த உச்சவரம்பு எனக்கு ரொம்பப் பிடித்த ஏற்பாடு. ஒரு ஹோலில் நடந்த விபத்து ஒரு நாள் முழுவதையும் கெடுக்காது. புள்ளியியலில் நாங்கள் விலகல் மதிப்புகளோடு மல்லுக்கட்டுவதை இங்கே ஒரே வரியில் தீர்த்துவிட்டார்கள்.

அதைவிடப் பிடித்தது, டீக்கு டீ கணக்கு மாறுவது. என் வீட்டுக்காரர் இண்டெக்ஸ் 16.3. அவர் வெள்ளை டீயில் ஆடுவார். அங்கே ஆண்களுக்கு ரேட்டிங் 70.4, ஸ்லோப் 122 என்றால் அவருக்குக் கிடைப்பது 16. எனக்கு 24. மேட்ச் பிளே, அதாவது ஹோலுக்கு ஹோல் யார் ஜெயித்தார் என்று எண்ணும் ஆட்டம், ஆடினால் எனக்கு 8 ஸ்ட்ரோக் கூடுதல். அவர் ஒருநாள் நைச்சியமாக, "நீயும் வெள்ளை டீக்கே வாயேன், ஒண்ணாவே நிக்கலாம்" என்றார். வந்தேன். அதே வெள்ளை டீக்குப் பெண்களுக்குத் தனி ரேட்டிங் உண்டு; 75.6, ஸ்லோப் 135 என்று வையுங்கள். என் கணக்கு 30 ஆகிவிட்டது, வித்தியாசம் 14. அவர் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரே இடத்திலிருந்து அடிக்கிறோம், ஆனால் அந்த தூரம் எனக்கு எவ்வளவு கஷ்டம் என்பதை யாரோ நடந்து அளந்து வைத்திருக்கிறார்கள். வீட்டில் இந்த மாதிரி ஒரு ஆள் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

ஸ்லோப் பற்றி ஒரு வார்த்தை. "ஸ்லோப் 140-ஆம், பயங்கரமான கோர்ஸ்" என்று பேசுவதைக் கேட்கிறேன். கோர்ஸ் மொத்தத்தில் எவ்வளவு கடினம் என்பதற்கு ஸ்லோப் விடை இல்லை. ஸ்க்ராட்ச் ஆட்டக்காரரைவிட, ஹேண்டிகேப் இருபதைச் சுற்றியுள்ள சாதாரண போகி ஆட்டக்காரருக்கு அந்த கோர்ஸ் எவ்வளவு கூடுதலாகக் கடிக்கும் என்பதுதான் அது. போகி ஆட்டக்காரர் அடிக்கக்கூடிய ஸ்கோரான போகி ரேட்டிங்கிலிருந்து கோர்ஸ் ரேட்டிங்கைக் கழித்து, ஆண்களுக்கு 5.381-ஆலும் பெண்களுக்கு 4.24-ஆலும் பெருக்கினால் ஸ்லோப். 55-இலிருந்து 155 வரை போகும். 113 என்பது நடு அளவுகோல். நீளமாக, ஆனால் தண்ணீரும் புதரும் இல்லாமல் திறந்து கிடக்கும் கோர்ஸுக்கு ரேட்டிங் அதிகமாகவும் ஸ்லோப் சுமாராகவும் இருக்கலாம். இதைக் கொண்டுவந்தவர் டீன் நூத். கடற்படை முதுநிலைப் பள்ளியில் படிக்கும்போதே இந்த யோசனை தோன்றியதாம், பிறகு யு.எஸ்.ஜி.ஏ.வில் சேர்ந்து அதை நாடு முழுக்கக் கொண்டுபோனார். 'ஸ்லோப்பின் போப்பாண்டவர்' என்றே அவருக்குப் பட்டப்பெயர்.

எங்கள் ஊர்ப் பெருமை ஒன்றும் இருக்கிறது. எடிசனில் இருக்கும் தமிழர்களுக்கு ஓக் ட்ரீ ரோடு என்றால் மளிகை, பூ, புடவை. அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் பிளெயின்ஃபீல்டு கன்ட்ரி கிளப் இருக்கிறது. நாம் வேலிக்கு வெளியிலிருந்து பார்க்கத்தான் முடியும், தனியார் கிளப். அதன் உறுப்பினராகவும் பிளெயின்ஃபீல்டு நகர மேயராகவும் இருந்த லெய்டன் கால்கின்ஸ் 1905 வாக்கில் ஒரு முறையை எழுதி வெளியிட்டார். ஆட்டக்காரரின் சிறந்த மூன்று ஸ்கோரின் சராசரி. 1911-இல் யு.எஸ்.ஜி.ஏ. தன் முதல் தேசிய ஹேண்டிகேப் முறையை அமைத்தபோது அடித்தளமாக எடுத்துக்கொண்டது அதைத்தான். சிறந்தவற்றை மட்டும் எண்ணுகிற வழக்கத்துக்கு அவ்வளவு வயது. இங்கிலாந்தில் இன்னும் முன்பே, 1893-இல் தொடங்கிய பெண்கள் கோல்ஃப் சங்கத்தின் செயலாளர் இசெட் பியர்சன் ஊர் ஊராகப் பெண்களின் கிளப்புகளை ஒரே ஹேண்டிகேப் முறைக்குள் இழுத்துக்கொண்டிருந்தார். ஆண்கள் அப்போதும் ஆளுக்கொரு கணக்கு. இதை நான் எங்கள் குழுவில் அடிக்கடி சொல்வதுண்டு, யாரும் கேட்பதில்லை.

2020 வரை உலகத்தில் ஆறு முறைகள் இருந்தன: அமெரிக்கா, பிரிட்டன் அயர்லாந்து, ஐரோப்பா, ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கா, அர்ஜென்டினா. யு.எஸ்.ஜி.ஏ.வும், அதோடு கோல்ஃப் விதிகளை வகுக்கும் ஸ்காட்லாந்தின் ஆர் அண்ட் ஏ அமைப்பும் சேர்ந்து அவற்றை ஒன்றாக்கின. முன்பு அமெரிக்காவில் 20-இல் சிறந்த 10-ஐ எடுத்து 0.96-ஆல் பெருக்குவார்கள், இப்போது எல்லா நாட்டிலும் 20-இல் 8. இதன் பலனை நேரில் பார்த்தேன். தம்பி கோயம்புத்தூரில் இருக்கிறான், செட்டிப்பாளையத்தில் உள்ள கோயம்புத்தூர் கோல்ஃப் கிளப்பில் ஆடுகிறவன். இந்தியன் கோல்ஃப் யூனியனும் இதே முறைதான். கோடையில் வந்தபோது கைப்பேசியில் 9.6 என்று காட்டினான். எங்கள் வெள்ளை டீக்கு அது 9 ஆனது.

"ஊர்ல எனக்கு இதைவிடக் கூட வருமேக்கா?"

"அது உங்க ஊர் ரேட்டிங்டா, இது இங்கத்தது."

"சரி, உனக்கு எத்தனை?"

"24. நீ எனக்குப் பதினஞ்சு தரணும்."

"பதினஞ்சா! மாமா, என்ன மாமா இது, வீட்டுக்கு வந்தவனை வழிப்பறி பண்றாங்க."

மாமா ஒன்றும் பேசவில்லை. அவருக்குப் பட்ட அனுபவம் இருக்கிறது. கார்டின் பின்பக்கத்தில் கணக்கை எழுதிக் காட்டியதும் ஒத்துக்கொண்டான். 17-ஆவது ஹோலில் 2 அண்ட் 1 (ஒரு ஹோல் மிச்சமிருக்க இரண்டு ஹோல் முன்னிலை) என்று அவனே ஜெயித்தான். இரண்டு கண்டத்தில் தனித்தனியாக விளையாடுகிற இருவர் வாய்த்தகராறு இல்லாமல் ஆடி 17-ஆவது ஹோல் வரை இழுத்தோமே, இந்தச் சந்தாவுக்கு நான் கேட்டது அதுதான்.

இனி என் தொழில் புத்தி. இண்டெக்ஸைப் பார்த்து ஒருவர் எப்படி ஆடுவார் என்று சொல்ல முடியுமா? பாதிதான் முடியும். ஸ்கோர்கள் மணி வடிவத்தில் பரவியிருக்கின்றன என்று வைத்துக்கொண்டால் (ஏறக்குறைய அப்படித்தான் இருக்கும், கெட்ட பக்கம் கொஞ்சம் வால் நீளம்), 20-இல் சிறந்த 8-இன் சராசரி என்பது உங்கள் முழுச் சராசரியைவிட ஏறக்குறைய ஒரு திட்ட விலக்கம் (ஸ்கோர்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறுகின்றன என்பதன் அளவு) குறைவு. அதாவது ஆறு சுற்றில் ஒன்றில்தான் இண்டெக்ஸ் அளவுக்கோ அதைவிட நன்றாகவோ ஆடுவீர்கள். மற்ற ஐந்திலும் அதைவிட மோசமாகத்தான். சந்தா கட்டிய முதல் மாதத்தில் "என் ஹேண்டிகேப்புக்கு என்னால ஆடவே முடியலையே" என்று புலம்புகிறவர்களுக்கு இதுதான் பதில். முடியாது. அப்படித்தான் செய்திருக்கிறார்கள்.

இப்போது இரண்டு பேரை வைத்துப் பார்ப்போம். இருவருக்கும் முழுச் சராசரி 20. ஒருவர் நிதானி, திட்ட விலக்கம் 3. மற்றவர் அதிரடி, ஒருநாள் பிரமாதம், மறுநாள் படுமோசம், திட்ட விலக்கம் 5. நிதானியின் இண்டெக்ஸ் 17.1 ஆகும். அதிரடியின் இண்டெக்ஸ் 15.2. சராசரியில் இருவரும் ஒன்றே, ஆனால் நேருக்கு நேர் ஆடும்போது அதிரடி நிதானிக்கு இரண்டு ஸ்ட்ரோக் தர வேண்டும். ஆகவே ஒருவருக்கொருவர் பந்தயத்தில் நிதானிக்குத்தான் லாபம். அவர்களையே நூறு பேர் ஆடும் போட்டியில் விடுங்கள். அங்கே ஜெயிக்க இண்டெக்ஸைவிட 5 ஸ்ட்ரோக்காவது நன்றாக ஆட வேண்டும் என்றால், அதிரடிக்கு அது 40 சுற்றுக்கு ஒருமுறை நடக்கும். நிதானிக்கு 240-க்கு ஒருமுறை. கோப்பை யார் வீட்டு அலமாரிக்குப் போகும் என்று தெரிகிறதல்லவா? கூட்டம் பெரிதாக ஆக, ஏற்ற இறக்கம் உள்ளவருக்குச் சாதகம். பெரும்பாலும் அவர் அதிக ஹேண்டிகேப் உள்ளவராகவும் இருப்பார்.

இதை அமைத்தவர்களுக்கும் இது தெரியும். தனிநபர் ஸ்ட்ரோக் பிளேயில் (மொத்த அடிகளை எண்ணும் ஆட்டம்) கோர்ஸ் ஹேண்டிகேப்பில் 95 சதவீதம்தான் தருவார்கள். 30 உள்ளவர் ஒன்றரை இழப்பார், 10 உள்ளவர் அரைதான். ஜோடியாக ஆடும் ஃபோர்பால் ஸ்ட்ரோக் பிளேயில் 85. தனிநபர் மேட்ச் பிளேயில் முழு 100. நாலு பேர் அடித்ததில் நல்ல பந்தைத் தேர்ந்து எல்லோரும் அங்கிருந்தே அடுத்ததை அடிக்கும் ஸ்கிராம்பிள் என்றால் குறைந்த ஹேண்டிகேப்பிலிருந்து தொடங்கி 25, 20, 15, 10 சதவீதம். இதெல்லாம் அதிரடியை அடக்கப் போதுமா என்றால், கொஞ்சம் அடக்கும். கணக்கு தெரிந்தவர்கள் பெரிய கூட்டத்துப் போட்டியில் சலுகை ஸ்ட்ரோக் கழித்த ஸ்கோருக்குத் தரும் நெட் கோப்பைக்கு ஆசைப்படுவதில்லை.

ஆனால் அதிரடிகள் பரவாயில்லை, அவர்கள் யோக்கியமான ஆட்கள். உண்மையான தொல்லை வேறு. ஒரு நிறுவனம் நடத்திய நிதி திரட்டும் கோல்ஃப் நாளுக்குப் போயிருந்தேன். ஸ்டேபிள்ஃபோர்டு முறை, வால்லசி கிளப்பின் டாக்டர் ஃபிராங்க் ஸ்டேபிள்ஃபோர்டு 1932-இல் நடைமுறைக்குக் கொண்டுவந்த அதே புள்ளிக் கணக்கு; ஒவ்வொரு ஹோலுக்கும் புள்ளி, அதிகம் எடுத்தவர் ஜெயிப்பார். பதிவு மேசையில் ஹேண்டிகேப் என்ன என்று கேட்டு, வாயால் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டார்கள். ஒருவர் கூச்சத்துடன் "28 போட்டுக்கோங்க" என்றார். முதல் டீயில் அவர் அடித்த பந்து எங்கே விழுந்தது என்று பார்க்கக் கையை நெற்றியில் வைக்க வேண்டியிருந்தது. மாலையில் 46 புள்ளி. ஹேண்டிகேப் அளவுக்கு ஆடினால் 36 தான் வரும். பெரிய தொலைக்காட்சிப் பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு போனார், அதையும் கூச்சத்துடனே.

அதிகாரபூர்வ இண்டெக்ஸ் இருந்திருந்தால் அந்த ஒரு சுற்றிலேயே பதில் கிடைத்திருக்கும். இண்டெக்ஸைவிட 7.0 முதல் 9.9 வரை நன்றாக ஆடினால் தானாகவே ஒன்று கழியும். 10.0 அல்லது அதற்கு மேல் என்றால் இரண்டு. எதிர்ப்பக்கத்திலும் பூட்டு உண்டு. கடந்த ஒரு வருடத்தில் தொட்ட குறைந்த இண்டெக்ஸிலிருந்து 3-க்கு மேல் ஏறினால் மிச்ச ஏற்றத்தில் பாதிதான் எண்ணப்படும், மொத்தத்தில் 5-க்கு மேல் ஏறவே விடாது. 20.1 இருந்தவருக்குத் தோள்பட்டை வலி வந்து கணக்கு 25.7-க்குப் போனால் திரையில் வருவது 24.4. வேண்டுமென்றே மோசமாக ஆடி எண்ணை ஏற்றுகிறவரைத் தடுக்க இந்தப் பூட்டு. நோயாளிக்கும் சேர்த்துப் பூட்டுகிறது. கிளப்பின் ஹேண்டிகேப் கமிட்டி காரணம் கேட்டுத் தளர்த்தலாம் என்பது ஆறுதல்.

எண்ணைக் குறைத்துக் காட்டுகிற வீண் ஜம்பக்காரர்களுக்குத்தான் எந்தப் பூட்டும் இல்லை. என் வீட்டுக்காரரே அந்தச் சாதி. முதல் டீயில் ஒரு மல்லிகன் (கணக்கில் சேராத மறு அடி), மூன்றடி தூரத்திலிருந்து குழிக்குள் உருட்ட வேண்டிய பந்துக்குத் தனக்குத்தானே ஒரு கிம்மி (அடிக்காமலே விழுந்ததாகக் கணக்கு), மாலையில் பெருமையாக 86 என்று ஏற்றிவிடுவார். அவர் 16.3 உண்மையில் குறைந்தது 18 இருக்கும். அதனால் நஷ்டம் யாருக்கு? அவருக்கே. நான் வாயைத் திறப்பதில்லை, வருகிற ஸ்ட்ரோக்கை ஏன் விட வேண்டும்.

இப்போது அந்த ஒரு மதிப்பெண். வேலை முடிந்து மாலையில் 9 ஹோல் ஆடுகிறவள் நான். 2024-க்கு முன் அமெரிக்காவில் ஒரு 9 ஹோல் ஸ்கோர், இன்னொரு 9 ஹோல் வரும் வரைக்கும் காத்திருந்து ஜோடி சேரும். இப்போது நான் ஆடாத மீதி 9 ஹோலில் என் இண்டெக்ஸ் உள்ள ஒருவர் என்ன அடித்திருப்பார் என்று ஒரு மதிப்பீட்டைச் சேர்த்து அன்றைக்கே 18 ஆக்கிவிடுகிறார்கள். யோசனை நல்லதுதான். ஆனால் அந்த மதிப்பீட்டை என் கையால் போட்டுச் சரிபார்க்க முடிவதில்லை. அதோடு, என் ஏற்ற இறக்கத்தில் பாதியை ஒரு மதிப்பீடு மழுங்கடிக்கிறது. 9 ஹோலாகவே ஆடுகிறவரின் 20 எண்களும் ஒன்றோடொன்று நெருங்கி நிற்கும். சிறந்த 8-க்கும் மொத்தத்துக்கும் இடைவெளி குறையும். இண்டெக்ஸ் ஒரு இழை மேலே நிற்கும். எனக்குச் சாதகம்தான். ஆனாலும் சரிபார்க்க முடியாத எண்ணுக்கு முழு மதிப்பெண் போட எனக்கு மனசு வராது. அன்றைய காற்று, மழைக்கான திருத்தமும் இதே கதைதான். மைனஸ் 1 முதல் பிளஸ் 3 வரை போகும். அன்று அந்த கோர்ஸில் ஆடிய எல்லோருடைய ஸ்கோரையும் வைத்துப் போடுவது, தனி ஆள் போட்டுப் பார்க்கிற காரியமில்லை. அதற்காகவே ஆடிய அன்றைக்கே, நள்ளிரவுக்குள் ஸ்கோரை ஏற்றிவிடச் சொல்கிறார்கள்.

யாருக்கு வேண்டாம் என்றும் சொல்லிவிடுகிறேன். எப்போதும் தனியாகவே ஆடுகிறீர்கள் என்றால் வேண்டாம். அமெரிக்காவில் தனியாக ஆடிய சுற்று கணக்கில் ஏறாது, கூட ஒருவராவது இருக்க வேண்டும். வருடத்துக்கு இரண்டு முறை ஆபீஸ் ஆட்களுடன் போகிறவருக்கும் வேண்டாம். நியூ ஜெர்சியில் குளிர்காலத்தில் மட்டும்தான் உங்களுக்கு நேரம் கிடைக்குமென்றாலும் வேண்டாம், சீசன் மூடிய மாதங்களில் இங்கே ஆடிய சுற்றை எண்ணமாட்டார்கள். அதே ஜனவரியில் ஃப்ளோரிடா போய் ஆடினால் அதை ஏற்றியே ஆக வேண்டும்.

புதிதாக ஆடுகிறவர்கள் "நான் இன்னும் அந்த அளவுக்கு வரலையே" என்று தள்ளிப்போடுவதற்குக் காரணமே இல்லை. உச்சவரம்பு 54.0, ஆணானாலும் பெண்ணானாலும். அதாவது ஒவ்வொரு ஹோலுக்கும் மூன்று ஸ்ட்ரோக் சலுகை. மூன்று 18 ஹோல் சுற்று, அல்லது 9 ஹோலாகச் சேர்த்து மொத்தம் 54 ஹோல் ஏற்றினால் எண் வந்துவிடும். முதல் மூன்றில் சிறந்த ஒன்றை எடுத்து அதிலிருந்தும் 2 கழிப்பார்கள் என்பதால் ஆரம்ப எண் கொஞ்சம் கறாராகவே இருக்கும். 20 சுற்று நிரம்பும் வரை அதை வைத்துப் பெரிய பந்தயம் கட்டாதீர்கள். இலவசச் செயலிகள் பல இதே மாதிரி ஒரு எண்ணைக் காட்டும். சொந்த வளர்ச்சியைப் பார்க்க அது போதும். சங்கப் போட்டியில் சேர அது செல்லாது. ஸ்காட்லாந்தில் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஓல்டு கோர்ஸில் ஆட ஆசை இருந்தாலும் முறையான ஹேண்டிகேப் கேட்பார்கள். போகும்போது ஞாயிற்றுக்கிழமைக்கு டிக்கெட் போட்டுவிடாதீர்கள், அன்று ஓல்டு கோர்ஸ் வழக்கமாக ஆட்டத்துக்கு விடுமுறை.